ஊரும் உழவும் காட்டுயிரும்



லிட்டில் இந்தியாவின் இடப்பெயர்களே நம் உரைக்கு வாயில். தேக்கா என்பதைத் தேக்கு மரத்தோடு இணைத்து எண்ணுவோர் உளர். ஹொக்கியன் மொழியில் அது சிறுமூங்கிலடியைக் குறிக்கும். கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பது பொருள். மூங்கிலும் எருமையும் மறைந்தன; பெயர்கள் நின்றன.

19ஆம் நூற்றாண்டில் இத்தீவின் காடுகள் அழிந்ததில் பெரும்பங்கு கேம்பியர், மிளகுத் தோட்டங்களுடையது. கேம்பியர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். அதற்கும் காடே வெட்டப்பட்டது. ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குள் மண் வளமிழக்க, தோட்டக்காரர் அடுத்த காட்டை நாடினர். கைவிட்ட நிலத்தில் லாலான் புல் படர்ந்தது. லிம் சூ காங், சுவா சூ காங் என்னும் பெயர்கள் அத்தோட்டக் குடியிருப்புகளின் நினைவுகள். சுவா சூ காங்கில்தான் 1930இல் தீவின் கடைசிக் காட்டுப்புலி சுடப்பட்டதாகக் கூறுவர். 2003இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வொன்று, தீவின் இயற்கை வாழிடங்களில் 95 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துவிட்டதெனக் காட்டியது. காட்டையே நம்பி வாழ்ந்த உயிரினங்களே மிகுதியாக மறைந்தன.

ஆயினும் பண்ணைகள் யாவும் ஒரே விளைவைத் தரவில்லை. சுங்கை பூலோவில் முன்பு இறால் குளங்கள் இருந்தன. கடல் ஏற்றத்தில் கரையோரச் சேற்றுத்திட்டுகள் மூழ்கும். அப்போது மதகுகளால் நீர்மட்டம் தாழ்த்தப்பட்ட குளங்களில் வலசைப் பறவைகள் தங்கி இரை தேடும். 1986இல் பறவை ஆர்வலர் இதன் அருமையைக் கண்டனர். 1993இல் அது இயற்கைப் பூங்காவாயிற்று. 2002இல் 130 ஹெக்டேர் ஈரநிலக் காப்பகமாயிற்று. மதகுகளை முறையாக இயக்கும் பணி இன்றும் தொடர்கிறது.

இவ்விரண்டையும் ஒருசேர எண்ணுவோம். குளம் உள்ளான்களை வரவேற்றது. புலியை மீட்டுத் தரவில்லை. எத்தனை உயிர்கள் உள்ளன என்பதோடு, எவ்வுயிர்கள் உள்ளன என்றும் நாம் கேட்டாக வேண்டும். பழைய கம்பங்களும் செங்கற்சூளைகளும் இருந்த தெங்காவில் மீண்டும் வளர்ந்த காடு, இன்று புதுநகருக்கு இடம் விடுகிறது. அங்கே 100 மீட்டர் அகலமும் 5 கிலோமீட்டர் நீளமும் கொண்ட காட்டுவழி திட்டமிடப்பட்டுள்ளது. அவ்வழி எவ்வுயிர்க்குப் போதும், எதற்குப் போதாது என்பதே கேள்வி.

தொல்காப்பியம் கருப்பொருளை வகுத்தபோது விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு மக்களின் தொழிலையும் ஒரே வரிசையில் வைத்தது. மாணவர்களே, உங்கள் குடியிருப்பின் கருப்பொருளை நீங்களே எழுதிப் பாருங்கள். அந்நிலத்தில் முன்பு இருந்தவற்றை முதியோரிடம் கேட்டு அருகே எழுதுங்கள். இரு வரிசைகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அறிவதே காப்பதற்கு முதற்படி.