இணைய வாணிகத்துக்கு ஏற்ற பெயர்

கடை ஒன்றைத் திறக்க விரும்புபவர் முதலில் இடம் பார்க்கின்றார்; இடம் அமைந்த பின்னர் பெயர்ப் பலகையைப் பற்றிச் சிந்திக்கின்றார். உரும்பிராய்ச் சந்தியிலே, பலாலி வீதியோரமாக ஒரு கடை இருக்குமானால், அதன் பலகை மழையில் நனைந்து எழுத்தழிந்து போனாலும் ஊரவர் அக்கடையைத் தவறவிட மாட்டார்கள். வழி தெரியாதவருக்கும் நாலு பேர் வழி காட்டுவர். ஆனால் இணையத்தின் மூலம் நடைபெறும் வாணிகத்திலே இடம் வேறு, பெயர் வேறு என்ற பிரிவு இல்லை. அங்கே பெயர்தான் இடம், பெயர்தான் படலை. ஓர் எழுத்துப் பிசகினால் வாடிக்கையாளர் வேறொருவருடைய படலையில் நிற்பார். அல்லது ஒன்றுமேயில்லாத வெளியில் நிற்பார். இவ்வளவு பொறுப்பைச் சுமக்கும் பெயரை நம்மவருள் அநேகர் பத்து நிமிடத்தில் தெரிந்தெடுத்து விடுகின்றனர். அதனால் விளையும் நட்டத்தையும், அதனைத் தவிர்க்கும் வழியையும் எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

இளைஞர்கள் 'டொமெயின்' என்று வழங்கும் ஆள்களப் பெயர் எவ்வாறு தோன்றியது என்பதைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். கணினிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறிந்துகொள்கின்றன. மனிதருக்கோ எண்களை நினைவில் வைத்திருத்தல் அரிது. ஆகவே எண்ணுக்குப் பதிலாகப் பெயரைக் கூறினால் போதும் என்ற ஒழுங்கை 1983ஆம் ஆண்டில் போல் மொக்கபெற்றிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்தார். 1985ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆந் திகதி 'டொட் கொம்' என்ற முடிவுடன் முதலாவது பெயர் பதிவாயிற்று. இலங்கைக்கு உரிய 'டொட் எல்கே' என்னும் முடிவு 1990ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது.

இனி நமது ஊர் நிலைமைக்கு வருவோம். உரும்பிராய் செம்மண் பூமி. வாழையும், மிளகாயும், வெங்காயமும், மரவள்ளியும், இராசவள்ளியும் விளையும் வலிகாமத்தின் நடுவே அமைந்தது. இங்குள்ள ஒரு குடும்பத்துப் பெண்கள் மிளகாய்த் தூளும், வடகமும், ஒடியல் மாவும் செய்து, கொழும்புக்கும், இலண்டனுக்கும், ரொறன்ரோவுக்கும் அனுப்புகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் உறவினர் வாங்கினர். பின்னர் உறவினரின் நண்பர் வாங்கினர். சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் வைத்து விற்பனை நடக்கின்றது. இதுவே போதாதா, தனிப் பெயர் எதற்கு என்று கேட்கலாம். போதாது. பிறருடைய ஊடகத்தில் உள்ள பக்கம், பிறர் காணியிலே போட்ட கொட்டில் போன்றது. காணிக்காரர் விதியை மாற்றினாலும், ஏதோ ஒரு தவறான முறைப்பாட்டின் பேரில் பக்கத்தை மூடினாலும், ஆண்டுக்கணக்காகச் சேர்த்த வாடிக்கை ஓர் இரவில் சிதறிவிடும். சொந்தப் பெயர் உடையவரோ, தளத்தை எத்தனை முறை இடம் மாற்றினாலும், பெயரை உடன்கொண்டு போகலாம்.

அப்படியானால் எந்தப் பெயரை வைப்பது? ஊர்ப் பற்றுள்ள எவருக்கும் முதலில் தோன்றுவது ஊரின் பெயரே. இங்கேதான் முதலாவது இடர்ப்பாடு எழுகின்றது. தமிழில் 'உரும்பிராய்' என்று எழுதுவதில் ஐயமில்லை. ஆங்கில எழுத்தில் எழுதும்போது, நடுவே உள்ள பகரத்துக்கு ஒருவர் அந்நெடுங்கணக்கின் 16ஆம் எழுத்தை இடுகின்றார். மற்றவர் 2ஆம் எழுத்தை இடுகின்றார். சொல்லின் இறுதியில் ஒருவர் 9ஆம் எழுத்தை இடுகின்றார். மற்றவர் 25ஆம் எழுத்தை இடுகின்றார். இவ்விரண்டு ஐயங்களும் சேர்ந்து ஒரே ஊருக்கு நான்கு வடிவங்களைத் தந்துவிடுகின்றன. நான்கில் ஒன்றை மட்டும் பதிவு செய்தவர், மற்றை மூன்றையும் தட்டெழுதும் வாடிக்கையாளரை இழக்கின்றார். 'யாழ்' என்னும் சொல்லும் இத்தகையதே. ழகரத்துக்குச் சிலர் இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதுவர். சிலர் லகரத்துக்குரிய எழுத்தையே எழுதுவர். 'சோலை' என்ற இனிய சொல்லைச் சகர ஒலியோடு ஒருவரும், அழுத்தமான சகரத்தோடு மற்றொருவரும் வெவ்வேறாக எழுதுவர். 'மணி', 'கனி' போன்ற சொற்களிலே இத்தொல்லை குறைவு. ஆயினும் அத்தகைய சிறு சொற்கள் 'டொட் கொம்' முடிவில் தனியே கிடைப்பது அரிது. வேறொரு சொல்லோடு இணைத்தே பெற வேண்டியிருக்கும்.

ஆகவே பெயரைச் சோதிப்பதற்கு எளிய முறை ஒன்றைக் கூறுகின்றேன். அதை வானொலிச் சோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எண்ணிய பெயரை, எழுத்துக் கூட்டாமல், ஒரே ஒரு தடவை ஐந்து பேருக்கு வாயினாற் சொல்லுங்கள். தொலைபேசியிற் சொல்வது இன்னும் நல்லது. ஐவரும் ஒருவரையொருவர் பாராமல் அதை ஆங்கில எழுத்தில் எழுதட்டும். ஐந்தும் ஒன்றாக இருந்தால் அப்பெயர் தேறிற்று. நாலு வகையாக இருந்தால், எத்துணை அழகிய பெயராயினும் அதைக் கைவிடுங்கள். அல்லது தவறாக எழுதக்கூடிய வடிவங்களையும் சேர்த்துப் பதிவு செய்து, எல்லாவற்றையும் ஒரே தளத்துக்குத் திருப்பிவிடுங்கள். பெயருக்கிடையே சிறு கோடு இடுவதும் எண் சேர்ப்பதும் இச்சோதனையிலே பெரும்பாலும் தோற்றுவிடும். 'நாலு' என்று கேட்டவர் அதை இலக்கமாக எழுதுவதா, சொல்லாக எழுதுவதா என்று தயங்குவார்.

அடுத்ததாகக் கவனிக்க வேண்டியது பெயரின் அகலம். மிளகாய்த் தூளின் பெயரையே வாணிகத்துக்கு வைத்தவர், நாளைக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் பானம் செய்ய முற்பட்டால், பெயர் அவரைத் தடுக்கும். அதற்காக 'யாழ்ப்பாணப் பொருள்கள்' என்று மிக அகன்ற பெயரை வைத்தாலோ, அது எல்லாருக்கும் பொதுவாகிவிடும். பொருளின் தன்மையையோ, அது தோன்றும் இடத்தையோ மாத்திரம் கூறும் பெயரை ஒருவர் தமக்கே உரிய வியாபாரக் குறியாக நிலைநாட்டுவது கடினம். ஆதலால் தனித்தன்மை உள்ள ஒரு சொல்லும், தேவையாயின் அதனோடு ஊரையோ தொழிலையோ காட்டும் ஒரு சொல்லும் சேர்ந்த பெயரே நடுவழி.

தமிழ் எழுத்திலேயே பெயரை வைத்துக்கொள்ள முடியாதா என்று தமிழன்பர் கேட்பர். முடியும். 2010ஆம் ஆண்டு முதல் 'டொட் இலங்கை' என்னும் முடிவு தமிழ் எழுத்திலும், அதற்கு இணையான முடிவு சிங்கள எழுத்திலும் உலக ஒழுங்கிலே இடம்பெற்றுள்ளன. இந்தியாவும் சிங்கப்பூரும் தத்தம் நாட்டின் பெயரைத் தமிழ் எழுத்தில் இவ்வாறே பெற்றுள்ளன. மூன்று நாடுகளின் முடிவுகள் தமிழில் இருப்பது நமக்குப் பெருமையே. ஆயினும் பெருமை ஒன்றையே நோக்காமல், நுட்பத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். தமிழில் எழுதிய பெயர், கணினிகளுக்கிடையே செல்லும்போது, 2003ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஒரு முறைப்படி ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த மாற்றுருவைப் பெறுகின்றது. பெயரின் ஒவ்வொரு பகுதியும் 63 குறிகளுக்குள் அடங்க வேண்டும் என்ற வரையறை அந்த மாற்றுருவுக்கே உரியது. ஆகவே நீண்ட தமிழ்த் தொடர் சில வேளைகளில் எல்லை கடந்துவிடும்.

நமது மொழிக்கே உரிய சிக்கல்கள் இன்னும் இரண்டு உண்டு. ஆள்களப் பெயரில் சொற்களுக்கிடையே வெளி விட இயலாது. 'உரும்பிராய்ச்சந்தை' என்று வல்லினம் மிக எழுதுவதே இலக்கணம். 'உரும்பிராய்சந்தை' என்று எழுதுவோரோ பலர். இரண்டாஞ் சொல் மெல்லினத்திலோ இடையினத்திலோ தொடங்குமாறு பெயரைத் தெரிவு செய்தால் இத்தொல்லை பெரும்பாலும் நீங்கும். மற்றையது, நம் கடைகள் பலவற்றின் பெயருக்கு முன்னே நிற்கும் 'ஸ்ரீ' என்னும் எழுத்தைப் பற்றியது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவ்வெழுத்தைக் கணினியில் இரண்டு வகையாகக் குறியேற்றலாம். பார்ப்பவருக்கு ஒரே பெயர். கணினிக்கோ இரு வேறு பெயர்கள். வஞ்சகர் இதனைப் பயன்படுத்தக் கூடும் என்பதால், இவ்விரண்டையும் ஒன்றின் மாற்றாகக் கருத வேண்டும் என்று பெயரொழுங்கு விதிகளை வகுத்தோர் குறித்துள்ளனர். புதிதாகப் பெயர் வைப்போர் 'ஸ்ரீ'யைப் பலகையிலே வைத்துக்கொண்டு, ஆள்களப் பெயரில் விட்டுவிடுதல் நன்று.

மேலும், கடல் கடந்து வாழும் நம்மவரின் பிள்ளைகளுள் தமிழ் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாதவர் பலர். அவர்களும் வாடிக்கையாளரே. ஆதலால் ஆங்கில எழுத்தில் ஒரு பெயரும், தமிழ் எழுத்தில் அதற்கிணையான பெயரும் பெற்று, இரண்டையும் ஒரே தளத்துக்கு வழிப்படுத்துவதே தக்கது. தமிழ் எழுத்தில் அமைந்த மின்னஞ்சல் முகவரியை எல்லா மின்னஞ்சல் ஒழுங்குகளும் இன்னும் ஏற்பதில்லை. எனவே கடிதத் தொடர்புக்கு ஆங்கில எழுத்துப் பெயரையே பயன்படுத்துக.

பெயர் கிடைக்கின்றது என்பதனாலேயே அது உங்களுக்கு உரியதாகி விடாது. பிறருடைய புகழை ஒட்டிப் பெயர் வைப்பவர் நீதிமன்றத்தில் பதில் சொல்ல நேரும். யாகூ நிறுவனத்தின் பெயரோடு 'இந்தியா' என்ற சொல்லைச் சேர்த்துப் பெயர் வைத்துக்கொண்டவரை, 1999ஆம் ஆண்டில் டெல்லி உயர் நீதிமன்றம் தடை செய்தது. 'சிஃபி' என்ற பெயரைச் சிறிது திரித்துப் 'சிஃப்பி' என்று வைத்த வழக்கில், ஆள்களப் பெயருக்கும் வியாபாரக் குறியைப் போன்ற பாதுகாப்பு உண்டென்று 2004ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இவை அயல்நாட்டுத் தீர்ப்புகளாயினும் அவற்றின் நியாயம் நமக்கும் பொருந்தும். இலங்கையிலே வியாபாரக் குறிகளை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் காக்கின்றது. பெயரைத் தெரிந்தெடுக்கு முன்னர், அதே பெயரில் வேறு வாணிகம் நடக்கின்றதா என்று தேடிப் பார்த்தல் அவசியம்.

இனிக் கூறப்போவது எல்லாவற்றிலும் முக்கியமானது. காணி வாங்கும்போது உறுதி யாருடைய பெயரில் எழுதப்படுகின்றது என்பதில் நம்மவர் காட்டும் விழிப்பு உலகறிந்தது. அவ்விழிப்பை ஆள்களப் பெயரிலே காண்பதில்லை. தளத்தை அமைத்துக் கொடுத்த இளைஞரின் பெயரிலோ, வெளிநாட்டிலுள்ள மருமகனின் பெயரிலோ பதிவு நடந்துவிடுகின்றது. உறவு நன்றாக இருக்கும் வரை ஒன்றும் தெரியாது. மனக்கசப்பு உண்டான அன்று, வாணிகத்தின் படலைத் திறப்பு மற்றவர் கையில் இருப்பது தெரிய வரும். ஆகவே பதிவு உரிமையாளரின் பெயரிலேயே இருக்கட்டும். பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உரிமையாளரிடமே இருக்கட்டும்.

இந்த உறுதி அறுதியுறுதியும் அன்று, குத்தகை போன்றது. தவணை முடியுமுன் புதுப்பிக்காவிட்டால் பெயர் கைநழுவும். 'டொட் கொம்' போன்ற முடிவுகளுக்கு, காலாவதியாகி நீக்கப்பட்ட பின்னரும் மீட்டுக்கொள்ள 30 நாள் அவகாசம் உண்டு. ஆயினும் அதற்குக் கட்டணம் மிகும். அது கடந்தால் எவரும் எடுத்துக்கொள்ளலாம். இது சிறியோருக்கு மட்டும் நேரும் தவறன்று. 1999ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில் மைக்ரோசொவ்ற் நிறுவனமே தனது பெயரொன்றைப் புதுப்பிக்க மறந்தது. அதனால் ஹொட்மெயில் அஞ்சலைத் திறக்க முடியாது பலர் இடர்ப்பட, யாரோ ஒரு கணினி வல்லுநர் தமது கைப்பணத்தைக் கட்டிப் பெயரைக் காப்பாற்றினார். நமக்கு அவ்வாறு கட்டுவோர் கிடைப்பரென்று நம்பியிருக்க முடியாது. பல ஆண்டுகளுக்கு ஒருசேரப் பணம் கட்டுதலும், புதுப்பிக்கும் நாளை வீட்டு நாட்காட்டியிற் குறித்து வைத்தலும் நல்ல காவல்.

நேயர்களே, சொல்லக் கேட்டவர் பிழையின்றி எழுதக்கூடிய பெயர். தொழில் வளர்ந்தாலும் இடங்கொடுக்கும் பெயர். பிறருடைமையைத் தீண்டாத பெயர். உரியவர் பெயரிலே பதிவாகி, தவணை தவறாமல் புதுப்பிக்கப்படும் பெயர். இந்நான்கும் அமைந்தால் உரும்பிராய்த் தோட்டத்து மிளகாய், உலகின் எந்த மூலையில் உள்ள அடுக்களைக்கும் வழி தவறாமற் போய்ச் சேரும். பொருளைச் செய்வதற்கு நம் பெண்கள் ஆண்டு முழுவதும் வெயிலிலும் புகையிலும் உழைக்கின்றனர். அவ்வுழைப்பைத் தாங்கிச் செல்லும் பெயருக்காக இரண்டு நாள் ஆற அமரச் சிந்தித்தல் அதிகமன்று.