வானூர்திப் பொறியியற் கல்வி



வினாயகபுரத்து மாணாக்கன் ஒருவன் வானூர்திப் பொறியியல் பயில விழைந்தால், அவன் செல்லும் வழி யாது?

இராஜம் அவர்கள் 1949இல் சென்னைக் குரோம்பேட்டையில் நிறுவிய தொழில்நுட்பக் கழகத்தில், அறிவியற் பட்டம் பெற்றோர்க்கு இத்துறை கற்பிக்கப்பெற்றது. அப்துல் கலாம் திருச்சியிற் பௌதிகம் கற்ற பின்னரே அங்குச் சென்றார். அங்கே தாக்குதல் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணியைக் கலாமும் நண்பர் நால்வரும் பகிர்ந்துகொண்டனர். காற்றியக்கம் கலாமின் பங்கு. உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஏனையோர்க்கு. நல்ல பாடத்திட்டம் எதுவும் இவ்வைந்தையும் விடலாகாது.

இலங்கையிற் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் இப்பட்டத்தை வழங்குகின்றது. அங்கு இடம் கிட்டாவிடின்? காணியை ஈடுவைத்துப் பிள்ளையைக் கடல்கடந்து அனுப்பத் துணியும் பெற்றோரே, சற்றுப் பொறுங்கள். வடக்கே ஒலுவிலிற் பொறியியற் பீடம் உண்டு. இயந்திரவியலை அங்குக் கற்று, வானூர்தியியலை மேற்படிப்பாகக் கொள்ளலாம். எவ்வழியாயினும், உயர்தரத்தில் இணைந்த கணிதம் இன்றியமையாதது.