நவாலி ஆலயத்தில் ஒதுங்கியவர்கள்



நம் வளப்பூர் நாட்டில் விமானச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் வாசலுக்கு ஓடிவந்து கை காட்டுவார்கள். யாழ்ப்பாணத்தில் அதே சத்தத்துக்குப் பிள்ளைகள் பதுங்கு குழியில் குதித்தார்கள்.

1995 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. இராணுவம் வலிகாமத்தில் முன்னேறிவர, எறிகணைக்குப் பயந்த மக்கள் மூட்டை முடிச்சோடு நவாலிக்கு வந்து, புனித பேதுரு ஆலயத்திலும் வளாகத்திலும் ஒதுங்கினார்கள். கத்தோலிக்கர் மட்டுமல்ல, இந்து மக்களும்தான். பெருமழைக்கு நாம் கோயிலில் ஒதுங்குவதில்லையா, அப்படி. கோயில்மேல் குண்டு போடமாட்டார்கள் என்று நம்பினார்கள். அன்று மாலை இலங்கை விமானப்படை குண்டு வீசியது. நூறு பேருக்கும் மேல் இறந்தார்கள். அவர்களில் கைக்குழந்தைகளும் உண்டு.

யாழ்ப்பாண ஆயர் தோமஸ் சவுந்தரநாயகம் ஆண்டகை குடியரசுத் தலைவருக்கே எழுதிக் கண்டித்தார். நடந்ததை உலகுக்குச் சொன்ன செஞ்சிலுவைச் சங்கத்தின்மேல் அரசு கோபித்துக்கொண்டது. செய்தவரைவிடச் சொன்னவர்மேல் கோபம்!

ஊர்களையும் குடிமக்களையும் கண்மூடித்தனமாக அழிப்பது கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே கண்டித்தது. எந்தக் கொடியின் விமானமானாலும் அதில் விலக்கு இல்லை.

காயின் ஆபேலின் முகம் பார்த்துக் கொன்றான். மேலிருந்து குண்டு வீசுகிறவனுக்கு முகம் தெரிவதில்லை. ஆனாலும் "உன் சகோதரன் எங்கே?" என்ற கேள்வி அவனுக்கும் உண்டு. நமக்கும் உண்டு.

நம் நாமக்கல் மாவட்டத்திலேயே ஈழத்து அகதி மக்களின் முகாம்கள் இருக்கின்றன. மிளகு, பலாப்பழம் விற்கக் கீழே இறங்கும்போது அவர்களைச் சந்தித்தால், எந்த ஊர் என்று கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தால், பேருந்துக்கு நேரமானாலும் நின்று கேளுங்கள்.