பனிமலை வண்டியும் நம்ம தெர்மோ வகுப்பும்

(பழைய மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். "உனக்குத் தெரிந்ததைப் பேசு, தத்துவம் பேசாதே" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றை, பனியில் ஓடும் ஸ்னோமொபைலின் பின்பக்க சஸ்பென்ஷனைப் பற்றிப் பேசப் போகிறேன். நேற்று ராத்திரி மெஸ்ஸில் இதைச் சொன்னதுமே எங்க செட் நண்பன் ஒருத்தன் கேட்டான்: "ஏன்டா, பனி பஞ்சு மாதிரிதானே இருக்கும்? அதில ஓடற வண்டிக்கு எதுக்குடா ஸ்பிரிங்?" (சிரிப்பு). நியாயமான கேள்விதான். அதற்குப் பதில்தான் இந்தப் பேச்சு.

நான் கனடாவில் அல்பர்ட்டா மாநிலத்தில் இருக்கிறேன். பிழைப்பு எண்ணெய்க் குழாய் வேலை. ஆனால் குளிர்காலம் முழுக்க சனி, ஞாயிறுகளில் பக்கத்து வீட்டுக்காரரின் பட்டறையில் ஸ்னோமொபைல்களுக்கு ஷாக் அப்சார்பர் பிரித்து மாட்டிக் கொடுப்பேன். கையில் கிரீஸ் படாவிட்டால் நமக்குத் தூக்கம் வராதே!

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். கியூபெக் மாநிலத்தில் வால்கூர் என்ற சிற்றூரில் ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே என்று ஒரு மெக்கானிக் இருந்தார். 1934ஆம் ஆண்டு குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் சீழ் பிடித்தது. சாலையெல்லாம் பனி மூடிக் கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. குழந்தை இறந்துவிட்டது. பனியில் ஓடும் வண்டி செய்வதற்கு ஏற்கெனவே முயன்றுகொண்டிருந்த அந்த மனிதர் அதற்குப் பிறகும் விடவில்லை. 1937இல் பல்சக்கரமும் ரப்பர் பட்டையும் கொண்ட அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். 1959இல் 'ஸ்கி-டூ' என்ற சிறிய வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைய வண்டிகளெல்லாம் அந்த வழியில் வந்தவைதான். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் ஓடும் ஒரு ரப்பர் பட்டை. அந்தப் பட்டையை அங்கே 'ட்ராக்' என்பார்கள்.

மலைக்கென்று செய்த வண்டிகளில் இந்த ட்ராக் ரொம்ப நீளம். சமவெளி வண்டிகளில் 121 அங்குலம் வழக்கமாக இருந்தது. மலை வண்டியில் இன்று 154, 165, 175 அங்குலம் வரை போகிறது. அதன் மேல் நிற்கும் ரப்பர் பற்கள் 3 அங்குலம் வரை உயரம். இன்ஜின் 160 குதிரைத்திறனைத் தாண்டும். எடையோ, பெட்ரோல் இல்லாமல், 200 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அந்த விகிதத்தைக் கேட்டதும் மெக்கானிக்கல்காரர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கிறேன்!

ட்ராக்கின் உள்ளே இரண்டு அலுமினியத் தண்டவாளங்கள் இருக்கும். அவற்றின் அடியில் பிளாஸ்டிக் பட்டை. ட்ராக் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். அந்தப் பிளாஸ்டிக்கைக் குளிர்விப்பதும் பனிதான், வழவழப்பாக வைப்பதும் பனிதான். வெறும் பாறையிலோ கெட்டி ஐஸிலோ நெடுந்தூரம் ஓட்டினால் உருகிவிடும். தண்டவாளங்களை வண்டியோடு சேர்ப்பவை முன்னொன்று பின்னொன்றாக இரண்டு கைகள். ஒவ்வொரு கைக்கும் ஒரு ஷாக். பின்கைக்கு முறுக்கு ஸ்பிரிங் அல்லது சுருள் ஸ்பிரிங். முன்கை அளவுக்கு மேல் கீழே இறங்காமல் பிடித்துக்கொள்ள ஒரு நாடா. மொத்தம் இவ்வளவுதான் சஸ்பென்ஷன்.

இப்போது நண்பன் கேள்விக்கு வருகிறேன். பஞ்சுப் பனி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவே மேடும் பள்ளமுமான பாதையில் பல கிலோமீட்டர் ஓட வேண்டும். அங்கே ஸ்பிரிங் இடுப்பைக் காப்பாற்றுகிறது. ஆனால் ஆழமான பனியில் அதன் வேலையே வேறு. ட்ராக் எந்தக் கோணத்தில் பனியைச் சந்திக்கிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் எடை பின்னால் போகும், பின்பக்கம் அமுங்கும், மூக்கு தூக்கும். ஓரளவு தூக்கினால் நல்லது, பற்களுக்குப் பிடி கிடைக்கும். அளவுக்கு மேல் தூக்கினால் வண்டி பனியின் மேலே ஏறாமல், எருமை சேற்றில் படுப்பதுபோல், தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடும். நாடாவை ஒரு துளை இறுக்கினால் மூக்கு அடங்கும், ஏற்றத்தில் திருப்ப வரும். ரொம்ப இறுக்கினால் பிடி குறையும், மேடுகளில் முதுகு வலிக்கும். ஒரு துளைக்குள் இவ்வளவு விஷயம்!

நம் ஊரில் லாரிக்காரர்கள் கம்பெனி கொடுத்த பட்டையோடு நிற்காமல் கூடுதலாக ஒன்று ஏற்றுவார்கள் இல்லையா? அங்கேயும் அதே கதைதான். கம்பெனி சராசரி ஆளை மனதில் வைத்து ஸ்பிரிங் போடுகிறது. சராசரி ஆள் என்று யாருமே கடைக்கு வருவதில்லை. 60 கிலோ பெண்ணும் வருவார், 110 கிலோ மனிதரும் வருவார். அதனால் மாற்றுச் சாமான் விற்கும் ஒரு தொழிலே வளர்ந்துவிட்டது. மோட்டோகிராஸ் பைக்குக்கு 1974இல் காற்று ஷாக் செய்து தொடங்கிய ஃபாக்ஸ், பாலைவனப் பந்தய வீரர் வாக்கர் எவன்ஸின் கம்பெனி, ஸ்வீடன் நாட்டு ஓலின்ஸ் எல்லாம் இன்று பனி வண்டிக்கும் ஷாக் தருகின்றன. ஐடஹோவில் சாண்ட்பாயின்ட்டைச் சேர்ந்த டிம்பர்ஸ்லெட் மலை வண்டிகளுக்கு முழு பின் சஸ்பென்ஷனையே செய்து விற்றது. அந்தக் கம்பெனியை 2015இல் போலாரிஸ் வாங்கியது.

இதில் எல்லோருக்கும் ஆசை காற்று ஷாக் மேல்தான். இரும்பு ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிடலாம், எடை குறையும். அமுங்க அமுங்கத் தானாகவே விறைப்பு கூடும். பம்பு ஒன்று இருந்தால் போதும், யார் ஏறினாலும் அவர் எடைக்குத் தகுந்தபடி அழுத்தத்தை மாற்றிக்கொள்ளலாம். இதையெல்லாம் நான்தான் என் நண்பர் ஒருவருக்குச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் நானே மாட்டியும் கொடுத்தேன். இனிமேல் சொல்லப்போவது என் தப்பு.

நண்பர் 110 கிலோ. முதுகுப்பையும், பின்னால் கட்டிய உபரி பெட்ரோலும் வேறு. பிப்ரவரி மாதம், ராத்திரி. ஹீட்டர் போட்ட பட்டறையில் 20 டிகிரி கதகதப்பு. பின் ஷாக்கில் 150 பவுண்டு காற்று ஏற்றினேன். உட்கார வைத்துப் பார்த்தேன், வண்டி அழகாக நின்றது. மூக்கு தூக்கி ஓட்டுவதில் அவருக்கு ஆசை என்பதால் நாடாவையும் ஒரு துளை தளர்த்திவிட்டேன். விடிகாலையில் கிளம்பி, பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவல்ஸ்டோக் பக்கத்து மலைக்குப் போனோம். மேலே மைனஸ் 20.

தம்பிகளே, இந்தக் கணக்கை நீங்கள் இரண்டாம் வருஷத்திலேயே போட்டிருப்பீர்கள். 150 என்பது கேஜ் காட்டும் அளவு. வெளிக்காற்றின் 15ஐயும் சேர்த்தால் 165. வெப்பநிலை 293 கெல்வினிலிருந்து 253க்கு இறங்கியது. 165ஐ 253ஆல் பெருக்கி 293ஆல் வகுத்தால் 142 சொச்சம். 2000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று மெலிந்து 11 அரை பவுண்டுதான் இருக்கும். அதைக் கழித்தால் கேஜில் 131! ராத்திரியோடு ராத்திரியாக 19 பவுண்டு காணாமல் போயிருக்கிறது. கசிவு கிடையாது, சாமானில் குறை கிடையாது. வாயு விதி தன் வேலையைச் செய்திருக்கிறது, நான்தான் என் வேலையைச் செய்யவில்லை.

நண்பர் ஒரு சரிவில் ஏறினார். பாதி ஏற்றத்தில் பின்பக்கம் அமுங்கி, மூக்கு வானத்தைப் பார்த்து, வண்டி இடுப்பாழத்துக்குக் குழி தோண்டி நின்றுவிட்டது. கீழே நின்ற நான் என்ன செய்தேன்? உதவிக்கென்று என் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அவர் பக்கத்துக்கு ஏறினேன். இரண்டு பேருமாக முக்கால் மணி நேரம் மண்வெட்டியால் தோண்டி வண்டியை மீட்டோம். சிரித்துக்கொண்டே இறங்கினோம்.

அந்தச் சிரிப்பு எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது அடுத்த குளிர்காலத்தில் பனிச்சரிவுப் பயிற்சிக்குப் போனபோதுதான் புரிந்தது. பலகை பலகையாகப் பெயர்ந்து விழும் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்வுள்ள இடங்களில் நடக்கின்றன. நாங்கள் நின்ற இடத்தைப் பிறகு அளந்து பார்த்தேன், 35. ஒரு சரிவில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டிதான் இருக்க வேண்டும். மேலே ஒருவர் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், பக்கத்தில் போகக் கூடாது. சரிந்தால் தோண்டி எடுக்க ஆள் வேண்டுமே! புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, அதற்குப் பிறகு அது வேகமாகக் குறைந்துவிடும். அதே ரெவல்ஸ்டோக்கில், போல்டர் மலையில், 2010 மார்ச் 13 அன்று வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டத்தின் மேல் சரிவு விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், முப்பது பேர் அளவில் காயப்பட்டார்கள். எங்கள் தலைக்கு மேலிருந்த பனி அன்றைக்கு விழவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அதில் எங்கள் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

இப்போது யாராவது பட்டறைக்கு வந்து "நல்ல ஷாக் ஒண்ணு மாட்டிக் கொடுங்க" என்றால் உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை. முதலில், பையோடும் பூட்ஸோடும் அவர் எடை எவ்வளவு என்று கேட்கிறேன். வண்டியில் உட்கார வைத்து எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கிறேன். இருக்கிற ஷாக்கில் ஆயிலையும் நைட்ரஜனையும் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்கிறேன். பாதிப் பேருக்கு அதிலேயே குறை தீர்ந்துவிடும், பர்ஸும் பிழைக்கும். ஸ்பிரிங் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கணக்குப் போட்டு மாற்றுகிறேன். கம்பியின் விட்டம் நாலாம் படியில் வேலை செய்யும் என்று படித்தோமே, விட்டத்தைப் பத்து சதவிகிதம் கூட்டினால் விறைப்பு ஏறக்குறைய 46 சதவிகிதம் கூடிவிடும். கண்ணால் பார்த்து "கொஞ்சம் தடிமனாப் போடுவோம்" என்கிற வேலை அங்கே ஆகாது. காற்று ஷாக் வாங்குகிறவர்களிடம், அழுத்தத்தை மலையடிவாரத்தில், குளிரில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி பம்பையும் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

கடைசியாக இன்னொன்றும் சொல்கிறேன். நல்ல சஸ்பென்ஷன் மாட்டினால் நேற்றுவரை ஏற முடியாத சரிவில் இன்றைக்கு ஏற முடியும். வண்டி மாறிவிட்டது, மலை மாறவில்லை. அதனால் அறிவிப்புக் கருவி, நீளக் கம்பி, மண்வெட்டி மூன்றும் வைத்திருக்கிறீர்களா, பழகியிருக்கிறீர்களா என்று கேட்காமல் நான் யாருக்கும் வேலை செய்து கொடுப்பதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போயிருக்கிறார்கள். போகட்டும்.

எங்களுக்குத் தெர்மோ எடுத்த சார் முன் வரிசையில்தான் இருக்கிறார். சார், கரும்பலகையில் யாராவது அழுத்தம் என்று ஒரு எண்ணை மட்டும் எழுதினால், "எந்த டெம்பரேச்சர்ல?" என்று கேட்டு, பதில் வராவிட்டால் முழு மார்க்கையும் அடித்துவிடுவீர்கள். அன்றைக்கு உங்களைத் திட்டாதவன் ஹாஸ்டலில் ஒருத்தனும் இல்லை. (சிரிப்பு) அந்த வருஷம் உங்கள் பேப்பரில் எனக்கு 82 மார்க். ஆனால் அந்தக் கேள்வி உண்மையிலேயே தேவைப்பட்ட ராத்திரியில் என் வாயில் வரவில்லை. இன்று என் பம்பின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். அதில் தமிழில் அந்த இரண்டு வார்த்தைதான் எழுதியிருக்கிறது. பட்டறைக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லோரும் அது என்ன மந்திரம் என்று கேட்கிறார்கள். எங்கள் வாத்தியார் கேட்ட கேள்வி என்று சொல்கிறேன்.