அட்டையில் அச்சான எண்

ஊட்டி, குன்னூர் போலவே கூடலூர் பக்கம் ஸ்ரீமதுரையிலும் காலையும் இரவும் மெட்ஃபார்மின் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரைக்கு முதலில் எழுதித் தரப்படும் மாத்திரை அது. 2019 டிசம்பரில் சிங்கப்பூர் அரசு, அங்கே விற்பனையில் இருந்த 46 மெட்ஃபார்மின் மருந்துகளில் மூன்றைத் திரும்பப் பெற்றது. என்.டி.எம்.ஏ. என்ற வேதிப்பொருள் அவற்றில் அளவுக்கு மேல் கலந்திருந்தது. புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருள் அது. 2020 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் ஐந்து நிறுவனங்களிடம், வயிற்றில் மெதுவாகக் கரையும் வகை மெட்ஃபார்மினைத் திரும்பப் பெறச் சொன்னது. நம் நாட்டு லூபினும் மார்க்சன்சும் அந்த ஐந்தில் அடக்கம்.

இதைக் கேட்டதும் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று தோன்றும். கூடவே கூடாது. என்.டி.எம்.ஏ.வை ஒரு நாளைக்கு 96 நானோகிராம் வரை ஏற்கலாம் என்பது வரம்பு. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோகிராம். வாழ்நாள் முழுக்கத் தினமும் உட்கொண்டாலும் ஆபத்து மிகமிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று போட்ட கணக்கு அது. மாத்திரையை விட்டால் ஏறும் சர்க்கரையோ கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் கெடுக்கும். அதனால்தான், மாற்று மருந்து கைக்கு வரும்வரை போட்டுக்கொண்டே இருங்கள் என்று அமெரிக்க அமைப்பே சொன்னது. அப்படியானால் இந்தச் செய்தியை மக்களிடம் சொல்லாமலே இருக்கலாமே, வீணாகப் பயப்படுவார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அரைகுறையாகக் காதில் விழும் செய்திதான் அதிகம் பயமுறுத்தும். எந்த மாத்திரை, எந்தத் தொகுப்பு என்று தெளிவாகச் சொன்னால், மற்றவர்கள் நிம்மதியாக மருந்தைத் தொடர்வார்கள்.

அந்தத் தெளிவு நம் ஊரில் எங்கே அறுந்துபோகிறது என்பதே என் கவலை. மருந்தைத் திரும்பப் பெறுவது பேட்ச் எண்ணை, அதாவது தொகுப்பு எண்ணை, வைத்துத்தான். அந்த எண் மாத்திரை அட்டையின் ஒரு ஓரத்தில், காலாவதித் தேதியோடு பொடி எழுத்தில் இருக்கும். நாலு மாத்திரை கேட்டால் கடைக்காரர் கத்தரிக்கோலால் வெட்டித் தருவார். எண் உள்ள துண்டு ஒருவரிடம் போகும், மற்றவர்களுக்கு வெறும் வெள்ளித் துண்டுதான். நாளைக்கே அந்தத் தொகுப்பு கெட்டது என்று தெரியவந்தால், யார் வீட்டில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மருந்துக் கம்பெனி மொத்த வியாபாரிக்குச் சொல்லும், அவர் கடைக்குச் சொல்வார், சங்கிலி அங்கேயே நின்றுவிடும்.

அன்றாடக் கூலிக்காரரிடம் முழு அட்டை வாங்கு என்று சொல்வது நியாயமா? இல்லை. பச்சைத்தேயிலைக்கு விலை சரிந்த வாரத்தில் நாலு மாத்திரை வாங்குவதே பெரிய காரியம். அதனால் பொறுப்பை அவர் தலையில் வைக்கக் கூடாது. எண் உள்ள ஓரத்தைக் கடைசிவரை வெட்டாமல் வைத்துக்கொண்டு, மாத்திரை போட்டுத் தரும் காகித உறை மேல் அந்த எண்ணைக் கடைக்காரர் எழுதித் தரலாம். பேனா ஒன்று போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டு வருபவரின் பதிவேட்டில் நோயாளியின் பெயருக்கு நேரே பேட்ச் எண்ணுக்கும் ஒரு கட்டம் வேண்டும். அது இருந்தால், திரும்பப் பெறும் அறிவிப்பு வந்த மறுநாளே ஸ்ரீமதுரையில் எந்தெந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்த வீடுகளுக்குப் போகும்போது மாற்று மாத்திரையும் அவர் கையில் இருக்க வேண்டும்.