ரேகை வைத்த விரல்



மதுரை பெரியார் பஸ் நிலையத்திலிருந்து மேற்கே தேனி சாலையைப் பிடித்தால் அரசரடி, காளவாசல் தாண்டி நாகமலைப் புதுக்கோட்டை வரும். அங்கிருந்து பிரிகிற ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் சமணர்மலை அடிவாரத்தில் கீழக்குயில்குடி. தாமரைக்குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் போட்டோ எடுக்க வருகிறவர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையேற வருகிறவர்கள் என்று கூட்டம் இருக்கும். மேலே செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சமணச் சிற்பங்கள். பார்த்துவிட்டு இறங்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

இந்த ஊருக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. அதைப் பார்க்கப் படியேற வேண்டாம். அடிவாரத்திலேயே நடந்தது.

வடநாட்டில் 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. மதுரைப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர்கள்மீது அது முதலில் பாய்ந்தது 1914-இல், இந்தக் கீழக்குயில்குடியில். 1918-க்குள் அந்தச் சமூகம் முழுவதற்கும் விரிந்துவிட்டது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். வயதுவந்த ஆண்களின் விரல் ரேகையை எடுத்துப் பேரேட்டில் ஏற்றிவிடுவார்கள். ராத்திரி ஆனால் வீட்டில் படுக்க முடியாது. போலீஸ் ஸ்டேஷனிலோ ஊர்ச் சாவடியிலோ போய்ப் பெயர் கொடுத்துப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். நேற்றுக் கல்யாணம் ஆனவனும் சாவடியில்தான் படுத்தான் என்றால் நிலைமை புரியும். அவன் என்ன குற்றம் செய்தான் என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் சாதியில் பிறந்தான், அவ்வளவுதான்.

உசிலம்பட்டிச் சீமையில் பெருங்காமநல்லூர்க்காரர்கள் ரேகை வைக்க மாட்டோம் என்றார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். அது நடந்து சரியாக மூன்று வருஷமும் ஒரு நாளும் கழித்து, 1923 ஏப்ரல் 4-ஆம் தேதி, அதே சீமையில் பாப்பாபட்டி என்ற ஊரில் ஒரு பையன் பிறந்தான். நான் இன்றைக்குப் பேச வந்தது அந்தப் பையனைப் பற்றித்தான். பி.கே. மூக்கையாத் தேவர். அவர் வளர்ந்த காலம் முழுக்கச் சட்டம் அமலில் இருந்தது. சட்டத்தை எதிர்த்து வழக்காடிய வக்கீல் ஜார்ஜ் ஜோசப்பை ‘ரோசாப்பூ துரை’ என்று அந்த ஜனங்கள் கொண்டாடினார்கள். முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது.

அடுத்த ஐந்தாம் வருஷம் தேர்தல்.

இந்த ஐந்து வருஷத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதற்கு முன்பும் தேர்தல் உண்டு. ஆனால் வரி கட்டுகிறவர், சொத்து உள்ளவர், படித்தவர் என்று பொறுக்கியெடுத்துக் கொடுத்த ஓட்டு அது. ரேகைப் பேரேட்டில் பெயர் இருந்த சம்சாரிகளில் அநேகம் பேருக்கு அந்த ஓட்டு கிடையாது. 1952-இல்தான் 21 வயது ஆன எல்லோருக்கும் ஓட்டு. ஒரே ஆள், ஒரே ஊர், இரண்டு பேரேடு. ஒன்றில் பெயரைக் கூப்பிட்டால் ராத்திரி சாவடியில் ஆஜர் சொல்ல வேண்டும். இன்னொன்றில் பெயரைக் கூப்பிட்டால் பகலில் ஒரு சீட்டைக் கையில் கொடுத்து, உள்ளே போய் யாருக்கு வேண்டுமோ போடு என்கிறார்கள். அந்தத் தேர்தலில் முத்திரை குத்துகிற வேலைகூட இல்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டால் முடிந்தது. முத்துராமலிங்கத் தேவரின் ஃபார்வர்ட் பிளாக் கட்சியின் பெட்டியில் ஒரு சிங்கம் நின்றது.

மூக்கையாத் தேவர் அந்தக் கட்சிக்காகப் பெரியகுளத்தில் நின்று ஜெயித்தார். அப்போது அவருக்கு 28 வயது.

தேர்தல் முடிவுப் பட்டியல்களைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி வாசிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. உசிலம்பட்டித் தொகுதியின் பட்டியல் விசித்திரமானது. 1957-இல் மூக்கையாத் தேவர், சுயேச்சை என்று பதிவு. 1962-இல் மூக்கையாத் தேவர். 1967-இல் மூக்கையாத் தேவர். 1971-இலும் அவரே. 1977-இலும் அவரே. பக்கத்துத் தொகுதிகளில் காங்கிரஸ் போய் தி.மு.க. வந்தது, அது போய் அ.தி.மு.க. வந்தது. மாநிலமே புரண்டு படுத்தபோதும் இந்த ஒரு தொகுதி ஒருக்களித்துக்கூடப் படுக்கவில்லை.

கட்சிக் கணக்கைப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். 1967-இல் அண்ணா ஆட்சியைப் பிடித்தபோது சட்டமன்றத்தில் ஃபார்வர்ட் பிளாக்குக்கு ஒரே ஒரு இடம். 1971-இல் தி.மு.க. கூட்டணியில் ஏழு இடம். 1977-இல் எம்.ஜி.ஆர். வந்தபோது திரும்பவும் ஒன்று. அந்த ஒன்று இரண்டு தடவையும் இவர்தான். எந்தக் கட்சிக்குப் போயிருந்தாலும் மரியாதையாக வைத்திருப்பார்கள். போகவில்லை. மந்திரியாக ஒரு நாளும் இருந்ததில்லை. 1963-இல் முத்துராமலிங்கத் தேவர் மறைந்த பிறகு தமிழ்நாட்டில் அந்தக் கட்சியைத் தாங்கிப் பிடித்தவர் இவர்தான்.

1971-இல் ஒரு காரியம் செய்தார். உசிலம்பட்டியிலும் ஜெயித்து, ராமநாதபுரம் நாடாளுமன்றத் தொகுதியிலும் ஜெயித்தார். இரண்டிலும் உட்கார முடியாதே. டெல்லிக்குப் போனார். 1974-இல் கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுக்கிற ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை வாசித்தபோது, எழுந்து எதிர்த்தவர்களில் இவர் ஒருவர். இவருக்கு அது சொந்தத் தொகுதி விவகாரம். அந்தத் தீவு ராமநாதபுரம் சமஸ்தானத்துச் சொத்து, அந்தக் கரையில் ஓட்டு வாங்கி வந்தவர் அவர். இன்றைக்குக் கச்சத்தீவு என்று பேச்செடுத்தால் பழைய பேச்சுகளைத் தேடுகிறோம். உசிலம்பட்டிக்காரர் பேசினது அப்போதே அவைக்குறிப்பில் ஏறிவிட்டது.

உசிலம்பட்டி, கமுதி, மேலநீலிதநல்லூர் என்று மூன்று இடங்களில் முத்துராமலிங்கத் தேவர் பெயரில் கல்லூரிகள் எழுந்ததில் இவருடைய உழைப்பு உண்டு. என்னைக் கேட்டால், ஆறு சட்டமன்ற வெற்றிகளைவிட இதைத்தான் முதலில் சொல்வேன். தாத்தா ரேகை வைத்த ஊரில் பேரன் பட்டப்படிப்புக்கு மதுரை வரைகூடப் போக வேண்டியதில்லை என்றானது சின்ன விஷயமா?

இவர் ஜெயித்ததைச் சாதிக் கணக்கு என்று ஒரே வரியில் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். சாதி பார்த்து ரேகை எடுத்தார்கள், சாதி பார்த்து ஓட்டும் விழுந்தது. ஆனால் அந்தக் கணக்கு அவரோடு முடியவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1979 செப்டம்பர் 6-ஆம் தேதி, சட்டமன்ற உறுப்பினராக இருக்கும்போதே அவர் காலமானார். 56 வயது. அரசரடியில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஏப்ரல் 4 வந்தால் கட்சி பேதம் இல்லாமல் மாலை போடுகிறார்கள்.

அவர் பிறந்த பாப்பாபட்டியின் பெயர் 1996-க்குப் பிறகு வேறொரு காரணத்துக்காகப் பத்திரிகைகளில் அடிபட்டது. ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் பெரும்பான்மைக்காரர்கள் அதை ஏற்கவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் வரவில்லை, வந்தவர் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்தார். அதிகாரிகள் தேதி குறிப்பதும், தேர்தல் ஒன்றுமில்லாமல் போவதுமாகப் பத்து வருஷம் ஓடியது. பிறப்பைச் சொல்லி ஒதுக்கப்பட்டது எப்படி வலிக்கும் என்று அந்த மண்ணுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் நடந்தது. மூக்கையாத் தேவர் அப்போது உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பதில் கிடைக்கவில்லை.

2006 அக்டோபரில், உதயச்சந்திரன் மதுரை ஆட்சியராக இருந்த நேரம், ஊர் ஊராகப் பேசிப் பேசி அங்கே தேர்தல் நடந்தது. ஜெயித்தவர்கள் இந்தத் தடவை ராஜினாமா செய்யவில்லை. 2021 காந்தி ஜயந்தி அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பாப்பாபட்டிக்கே வந்து கிராம சபையில் உட்கார்ந்தார்.

அடுத்த முறை சமணர்மலைக்குப் போய்விட்டுத் திரும்பி மதுரைக்குள் வரும்போது அரசரடியில் பஸ் வேகம் குறையும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். மூக்கையாத் தேவர் அங்கேதான் நிற்கிறார்.