கருப்பை வாய்க்கு ஒரு தையல்



"அஞ்சாம் மாசம் வலியே இல்லாம குழந்தை விழுந்துடுச்சு, செய்வினையா இருக்குமோ?" என்று சிலர் கேட்கிறீர்கள். செய்வினை ஏதுமில்லை. கருப்பையின் வாய் பலவீனமாக இருந்தால், குழந்தை வளர வளர அது முன்னதாகவே திறந்துவிடும்.

சுருக்குப் பையை இழுத்துக் கட்டுகிறோம் அல்லவா? அதுபோல் கருப்பை வாயைச் சுற்றித் தையல் போடலாம். 1955-ல் பம்பாய் டாக்டர் ஷிரோத்கர் வெளியிட்ட முறை இது. தேவையென்று டாக்டர் கண்டால், பொதுவாக 12 முதல் 14 வாரத்தில் போட்டு, 36, 37-வது வாரத்தில் பிரித்துவிடுவார்கள்.

ஆகவே, இப்படி ஒருமுறை இழந்தவர்கள், மறுபடி நாள் தள்ளியதுமே கிராம சுகாதார செவிலியரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். நீர் கசிந்தாலோ, இரத்தம் பட்டாலோ, அடிவயிறு கனத்தாலோ, ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கணவன்மார்களே, மனைவியைக் குறை சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள்.